மும்பையில் ஒரே நாள் சுற்றி மாட்டிக்கொண்டவர்கள் கேட்டவை

கேள்வி (கரூர்): திங்கட்கிழமை காலையில் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போய் எலிஃபெண்டா படகுக்குச் சீட்டு கேட்டோம். கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் சார்?

பதில்: எலிஃபெண்டா தீவில் பார்க்கப் போவது குகைகளைத்தான், திங்கட்கிழமை அவற்றுக்கு விடுமுறை. சரி, கன்ஹேரி குகைகளுக்காவது போவோம் என்று போரிவலிக்கு ரயில் ஏறிவிடாதீர்கள். அங்கும் திங்கள் விடுமுறைதான். எலிஃபெண்டாவுக்குப் படகுப் பயணமே ஒரு வழிக்கு ஒரு மணி நேரம். இறங்கியதும் படியேற வேண்டும். அரை நாளை அதற்கே ஒதுக்குங்கள். படியோரக் குரங்குகள் தின்பண்டப் பையைத்தான் குறி வைக்கும், அதைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை): ஹாஜி அலி தர்காவுக்கு அமாவாசையன்று மதியம் போனோம். பாதையையே காணோம், தண்ணீர்தான் இருந்தது! வெள்ளமா?

பதில்: வெள்ளமெல்லாம் இல்லை, கடல் ஏற்றம். மெரினாவில் கடல் ஏறி இறங்குவது மொத்தமே ஒரு மீட்டர் அளவுதான், அதனால் நம்மவர்களுக்கு இது பழக்கமில்லை. மும்பையில் நான்கு மீட்டரைத் தாண்டும். கரையிலிருந்து, கடலுக்குள் இருக்கும் தர்காவுக்குப் போகும் பாதை தாழ்வானது, ஏற்றம் பெரிதாக இருந்தால் மூழ்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் உச்சத்துக்குப் போகும். மும்பையில் அந்த நாட்களில் உச்சம் வருவது நண்பகலிலும் நள்ளிரவிலும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில் போய் நின்றிருக்கிறீர்கள். ஆறு மணி நேரத்தில் நீர் நன்றாக வற்றிவிடும். மறுநாள் ஏற்றம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளி வரும். மழைக்காலத்தில் அன்றன்றைய ஏற்ற நேரம் உள்ளூர்ச் செய்திகளிலேயே வந்துவிடும். உள்ளே இருக்கும்போது நீர் ஏறுவதைப் பார்த்தால், ஓடிக் கடந்துவிடலாம் என்று இறங்காதீர்கள். உட்கார்ந்து காத்திருங்கள்.

கேள்வி (மதுரை): அதே ஹாஜி அலி தர்காவுக்கு சர்ச்கேட்டில் ரயில் ஏறினோம். இறங்க வேண்டிய மகாலட்சுமியில் நிற்காமல் தாதருக்கே கொண்டுபோய்விட்டது.

பதில்: ஃபாஸ்ட் வண்டியில் ஏறியிருப்பீர்கள். மும்பை சென்ட்ரலை விட்டால் அடுத்து தாதர்தான். பிளாட்பார அறிவிப்புப் பலகையில் ஊர்ப் பெயரோடு எஸ் அல்லது எஃப் என்று ஓர் எழுத்து வரும். மகாலட்சுமிக்கு எஸ், அதாவது ஸ்லோ. இன்னொன்று: கூட்டமில்லாத பெட்டியைக் கண்டு சந்தோஷப்பட்டு ஏறினால் அது முதல் வகுப்பாக இருக்கும். இரண்டாம் வகுப்புச் சீட்டோடு பிடிபட்டால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், கட்டண வித்தியாசம் தனி.

கேள்வி (சேலம்): கொலாபாவில் ஒரு ஆட்டோகூடக் கிடைக்கவில்லையே?

பதில்: கிடைக்காது. கொலாபா இருப்பது நகரின் தென்கோடியில். மேற்கே பாந்த்ரா, கிழக்கே சயான், அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. கறுப்பு-மஞ்சள் டாக்சியைக் கைகாட்டுங்கள், மீட்டர் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஜூலையில் ஜூஹு கடற்கரையில் நீலப் பலூன் மாதிரி கிடந்ததை என் மகள் தொட்டுவிட்டாள். கை தடித்துவிட்டது.

பதில்: அது ப்ளூபாட்டில், நீண்ட கொட்டும் இழைகள் கொண்ட கடலுயிரி. மழைக்காலத்தில் கூட்டமாகக் கரை ஒதுங்கும். செத்துக் கிடந்தாலும் கொட்டும். மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒட்டிய இழையை வெறுங்கையால் தொடாமல் எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

கேள்வி (திருச்சி): நம்ம ஊர் இட்லிக்கு எங்கே போவது?

பதில்: மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நிறையக் கடைகள். சென்ட்ரல் லைனில் மாட்டுங்காவில் இறங்குங்கள். வெஸ்டர்ன் லைனில் இருப்பது மாட்டுங்கா ரோடு, அங்கே இறங்கினால் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும்.