பாலிசி வாசகத்துக்கு டேக் போடும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. கணினி அறிவியல் முடித்த மகள், வணிகக் காப்பீட்டு பாலிசிகளுக்கு மார்க்கப் மொழி (வாசகத்தின் எந்தப் பகுதி எது என்று கணினிக்குச் சொல்லும் ‘டேக்’ குறிகளின் தொகுதி) வடிவமைக்கும் குழுவில் சேரப் போகிறாள். இது டைப் அடிக்கிற வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. அவள் தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு தொழிற்சாலையின் பாலிசியில் காப்புத் தொகை, எதற்கு இழப்பீடு, எதற்கு விலக்கு, நிபந்தனைகள், சொல் விளக்கங்கள் எல்லாம் இருக்கும். அதோடு முடியாது. பின்னால் எண்டார்ஸ்மென்ட்கள், அதாவது பாலிசியைத் திருத்தும் இணைப்புகள், வரிசையாக வரும். ஒன்று வெள்ளத்துக்கான விலக்கை நீக்கும். அடுத்தது அதையே வேறு வாசகத்தில், வேறு தேதியிலிருந்து திரும்பச் சேர்க்கும். வெள்ளம் வந்த பிறகு இழப்பீடு உண்டா என்றால், அத்தனையையும் சேர்த்து வாசித்தால்தான் பதில் கிடைக்கும். வேர்டு கோப்புக்கு இவையெல்லாம் வெறும் பத்திகள். ‘இது விலக்கு’, ‘இது இன்ன பிரிவைத் திருத்துகிறது’, ‘இன்ன தேதி முதல்’ என்று டேக் போட்டுவிட்டால், திருத்தங்கள் ஏறிய முழு வாசகத்தைக் கணினியே தொகுத்துத் தரும். இல்லாத பிரிவைத் திருத்தும் எண்டார்ஸ்மென்ட்டையும் காட்டிக்கொடுக்கும்.

சட்டம் படித்தவர்களுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 1969இல் ஐபிஎம்மில் ஜிஎம்எல் என்ற மார்க்கப் மொழியை உருவாக்கிய மூவரில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் ஒரு வழக்கறிஞர். அந்த வழியில்தான் 1986இல் எஸ்ஜிஎம்எல், 1998இல் எக்ஸ்எம்எல் என்ற மார்க்கப் மொழிகள் தரநிலைகளாயின. காப்பீட்டுத் தகவல் பரிமாற்றத்துக்கு அகார்டு என்ற அமைப்பின் தரநிலைகள் இருக்கின்றன.

மகளிடம் நான் சொல்வது: டேக் அமைப்பை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா, ஆவணத்தை வேறு வடிவுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி, விதிகளைச் சரிபார்க்கும் ஸ்கீமட்ரான் மூன்றையும் சில மாதங்களில் பழகிவிடலாம். பாலிசி வாசிக்கப் பழகத்தான் நாளாகும். காப்பீடு தரலாமா, எந்த நிபந்தனையில் என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டர் ஒருவரோடும், இழப்பீட்டுக் கோரிக்கைகளை (கிளெய்ம்) பார்ப்பவர் ஒருவரோடும் உட்கார்ந்து ஒரே பாலிசியை வாசிக்கட்டும். இருவரும் ஒரே வரியில் வேறு வேறு விஷயத்தைப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் டேக் வைக்கத் தோன்றும், வேண்டாம். அந்த டேக்குகளைப் பயன்படுத்தப் போகிற வாசகம் எழுதுபவர்கள் புரோகிராமர்கள் அல்ல. ‘நியாயமான கவனம்’ போல, வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பொருள் சொல்ல வேண்டிய சொற்களைக் கணினி கணக்கிடும் விதிகளாக மாற்றவும் முயல வேண்டாம். அவை வாசகமாகவே இருக்கட்டும்.

என் கவலை ஒன்றுதான். நிறுவனம் தனக்கென்றே ஒரு மொழியைக் கட்டினால், அந்த அனுபவம் வெளியே எடுபடாமல் போகலாம். அதனால் நேர்காணலிலேயே கேட்கட்டும்: எக்ஸ்எம்எல் மேல் கட்டுகிறீர்களா? குழுவில் பாலிசி வாசகம் எழுதுபவர் யாராவது இருக்கிறாரா? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் சேர வேண்டாம். இதே வேலையை வேறு நிறுவனத்தில் தேடலாம்.