கணினி கேள்வி பதில்: 35 என்றால் டெட்லாக்கா?

கேள்வி: அண்ணா, பலதுறைத் தொழிற்கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக சி மொழியில் ஒரு சர்வரும் ஒரு கிளையண்ட்டும் எழுதினேன். லினக்ஸில் இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. சர்வரை என் மேக்கில் ஓட்டினால் தரவைப் பெறும் ரெசீவ் உடனே -1 தருகிறது, எர்நோ (பிழை எண்) 35. லினக்ஸ் பட்டியலில் 35 டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து முடங்குவது) என்று இருப்பதால் இரண்டு நாளாக, நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்களைக் குடைந்துகொண்டிருக்கிறேன். கிளையண்ட்டை நண்பனின் விண்டோஸில் ஓட்டினால், 5 விநாடி டைம்அவுட் வைத்திருந்தும், 2 விநாடியில் பதில் வருவதற்கு முன்பே 10060 (நேரம் முடிந்தது என்ற பிழை) வந்துவிடுகிறது.
- மாணவர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: த்ரெட்களை விட்டுவிடுங்கள் தம்பி, அவை பாவம். லினக்ஸில் 11 என்றால் ‘இப்போது ஒன்றும் இல்லை, அப்புறம் வா’, 35 என்றால் டெட்லாக். மேக்கில் அப்படியே தலைகீழ், 35தான் ‘அப்புறம் வா’, 11தான் டெட்லாக்! அதனால்தான் எர்நோவை எண்ணாக அச்சிடாதீர்கள், ஸ்ட்ரெர்ரர் போட்டு வார்த்தையாக அச்சிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறோம்.

சரி, ‘அப்புறம் வா’ ஏன் வருகிறது? இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் சாக்கெட்டை (இணைப்பு முனையை) நான்-பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்புவது) ஆக்கியிருப்பீர்கள். லினக்ஸில், இணைப்பை ஏற்கும் அக்செப்ட் தரும் புது சாக்கெட்டுக்கு அந்தக் குணம் ஒட்டாது. மேக்கில் தாயின் குணம் பிள்ளைக்கும் வந்துவிடும். நம் கோப்பிக்கடையில் வெறுமனே ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் ஊற்றித்தான் வரும், வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் இல்லையா, இங்கேயும் அப்படித்தான், அக்செப்ட் முடிந்த கையோடு புது சாக்கெட் பிளாக்கிங்கா இல்லையா என்பதை எஃப்கன்ட்ரோல் வைத்து நீங்களே சொல்லிவிடுங்கள்.

விண்டோஸ் கதை வேறு. லினக்ஸிலும் மேக்கிலும் ரெசீவ் டைம்அவுட்டுக்கு டைம்வேல் என்ற ஸ்ட்ரக்ட் கொடுக்கிறோம், விநாடி ஒரு பகுதி, மைக்ரோவிநாடி ஒரு பகுதி. விண்டோஸ் எதிர்பார்ப்பதோ 32 பிட் எண் ஒன்று, அதுவும் மில்லிவிநாடியில். உங்கள் ஸ்ட்ரக்ட்டின் முதல் பகுதியில் இருக்கும் 5-ஐ எடுத்துக்கொண்டு 5 மில்லிவிநாடி என்று புரிந்துகொள்கிறது. கம்பைலர் முணுமுணுத்திருக்கும், நீங்கள் கேர் பாயிண்டராக காஸ்ட் செய்து (வகையை மாற்றி) அதன் வாயை அடைத்திருப்பீர்கள் (நானும் செய்திருக்கிறேன்). விண்டோஸுக்கு மட்டும் இஃப்டெஃப் போட்டு 5000 கொடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸில் ஒருமுறை ரெசீவ் டைம்அவுட் ஆனால் அந்த சாக்கெட்டை அதற்குப் பிறகு நம்ப முடியாது, மைக்ரோசாஃப்ட் ஆவணமே அப்படிச் சொல்கிறது. மூடிவிட்டுப் புதிதாக இணையுங்கள், அங்கே மூடுவதற்கு க்ளோஸ் இல்லை, க்ளோஸ்சாக்கெட்.