பூ உதிர்ந்தால் உதிரட்டும், பையின் சூட்டைக் கவனியுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். கொடுங்கையூரில் எங்கள் மொட்டை மாடியில் கார்த்திகைக் கடைசியில் எட்டுப் பைகளில் உருளைக்கிழங்கு போட்டேன். மார்க்கெட்டில் வாங்கி, வீட்டிலேயே முளைவிட்ட கிழங்குதான். இப்போது தை பாதி. செடி முழங்கால் உயரம், இலை கரும்பச்சை. மொட்டு வைக்கிறது, விரிவதற்குள் மஞ்சளாகி உதிர்கிறது. உரக்கடையில் பூ நிற்க ஒரு டானிக்கும் கொஞ்சம் டி.ஏ.பி.யும் கொடுத்தார்கள். அடுத்த வருஷத்துக்கு ஊட்டி விதைக்கிழங்கு தருவதாகவும் சொன்னார்கள். பூக்காவிட்டால் கிழங்கு வருமா?
– ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: வரும் அம்மா. கத்தரியில் பூ உதிர்ந்தால் காய் போச்சு. உருளையில் நாம் சாப்பிடுவது மண்ணுக்குள் ஓடும் தண்டின் வீங்கிய நுனியை. பூவே பார்க்காத செடியிலும் அது திரளும்.

உதிர்ந்த மொட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்பு நடுவில் உள்ள சின்ன முட்டியில் கழன்றிருக்கும். சூடு தாங்காவிட்டால் செடி அந்த இடத்தில்தான் கழற்றிவிடும். உருளை தாராளமாகப் பூக்க நீண்ட பகலும் குளிர்ச்சியும் வேண்டும். தை மாதத்துச் சென்னையில் பகலே ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். இமாசலத்துக் குஃப்ரி மலையில் கோடையில் நன்றாகப் பூத்துக் காய் பிடிப்பதால் இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்கும் வேலையை உருளை ஆராய்ச்சியாளர்கள் அங்கே வைத்துக்கொண்டார்கள். குஃப்ரி ஜோதி, குஃப்ரி சூர்யா என்று நம் ரகங்களுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: பைக்குள் மண் எவ்வளவு சூடு? கிழங்கு நன்றாகத் திரள இரவு 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மண் 30ஐ நெருங்கினால் திரள்வது நின்றுபோகும். வடசென்னையில் மார்கழி, தை இரவுகள்தான் அந்த 20ஐ ஒட்டி வருகின்றன. அந்தக் கொஞ்ச நாளையும் கருப்புப் பையும் சிமென்ட் தளமும் தின்றுவிடுகின்றன. மாடித்தோட்டத்தில் உருளை கெடுவது பெரும்பாலும் உரத்தால் அல்ல, இந்தச் சூட்டால்தான் என்று நான் சொல்லாத ஆளில்லை. மதியம் மூன்று மணிக்குப் பையின் மேற்குப் பக்கத்தில் விரலை முழுசாக மண்ணுக்குள் விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். பைகளைச் செங்கல்மேல் தூக்கி, ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். வெயில்படும் பக்கம் ஈரச் சாக்கு சுற்றுங்கள். மண்மேல் நாலு விரல் உயரத்துக்கு வைக்கோல் பரப்புங்கள். பக்கத்து மாட்டுக்கொட்டகையில் கேட்டால் தருவார்கள், கிடைக்காவிட்டால் வேப்பஞ்சருகு போதும். தண்ணீர் சாயங்காலம். போர் தண்ணீர் உப்பு என்றால் மெட்ரோ தண்ணீரே ஊற்றுங்கள், உருளைக்கு உப்பு ஆகாது.

அந்த டானிக்கின் லேபிளைப் படியுங்கள். ஜிப்ரலிக் அமிலம் என்று இருந்தால் தொடவே வேண்டாம். அது தண்டை நீட்டும், சில செடிகளில் பூவையும் வரவைக்கும், ஆனால் கிழங்கு திரள்வதைத் தடுக்கும். பூவைக் காட்டிக் கிழங்கைப் பறிக்கிற வியாபாரம் இது. என்ன பயிர் என்றுகூடக் கேட்காமல் பாட்டிலை எடுத்து நீட்டும் கடைக்கு மறுபடி போகாதீர்கள். டி.ஏ.பி. உரமும் வேண்டாம், அதிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. கரும்பச்சை இலையே தழைச்சத்து மிஞ்சியதைச் சொல்கிறது, இன்னும் போட்டால் இலைதான் வளரும்.

ஊட்டி விதைக்கிழங்கு என்றால் இன்னும் கோபம் வருகிறது. 1961இல் நீலகிரி மண்ணில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. உருளையின் வேரைத் தாக்கும் நுண்ணிய புழு அது, விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பரவும். அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகவே தடை இருக்கிறது. ஆகவே கடைக்காரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டவிரோதம். அடுத்த முறை சூடு தாங்கும் குஃப்ரி சூர்யா கிடைத்தால் போடுங்கள்.

இப்போது ஒரு பையில் மட்டும் தண்டோரம் மண்ணை மெல்ல விலக்குங்கள். வெள்ளை நூல் போலப் பக்கவாட்டில் ஓடுவதன் நுனி கொக்கியாக வளைந்து பட்டாணி அளவு வீங்கியிருந்தால் கவலை விட்டது. திரும்ப மூடி, மேலே இரண்டு அங்குலம் மண் அணையுங்கள். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிக் கசக்கும், சமைக்கக் கூடாது. தப்பித்தவறி ஒரு பூ காய்த்தால், குட்டித் தக்காளி மாதிரி இருக்கும் அந்தக் காய் விஷம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கிள்ளி எறியுங்கள்.

மாசிக் கடைசிக்குள் தோண்டிவிடுங்கள். இலை பாதி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் பையைக் கவிழ்க்கலாம். பைக்கு அரைக்கிலோ வந்தால் நம் ஊர் வெயிலுக்கு அது நல்ல விளைச்சல்.