பேட் கணக்கை எழுதி வையுங்கள்

வயதுக்கு வந்த பிள்ளைகளின் மாதவிடாய் பற்றி வந்த கேள்விகளில் நான்கு.

களியக்காவிளை, ஒரு தாய்: மகளுக்கு 12 வயது. சடங்கு முடிந்து எட்டு மாதம். ஒருமுறை 25 நாளில் வருகிறது, அடுத்தது 43 நாள் ஆகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். முதல் இரண்டு மூன்று வருடம் பல மாதங்களில் கருமுட்டையே வெளிவராது, அதனால் தேதி தடுமாறும். இந்த வயதில் 21 முதல் 45 நாள் வரை இடைவெளி சரிதான். 90 நாள் தாண்டினால், ஒரு தடவையானாலும், டாக்டரிடம் காட்டுங்கள்.

கருங்கல், ஒரு தாய்: 13 வயது மகளுக்குப் பத்து நாள் நிற்காமல் போகிறது. சீருடை நனைந்து இரண்டு முறை பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். "எனக்கும் அப்படித்தான் இருந்தது, போகப்போகச் சரியாயிரும்" என்கிறார் என் அம்மா.

பாட்டி ஆறுதலுக்குச் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்டர்களான எங்களுக்கு அது ஒரு துப்பு. இரத்தம் சரியாக உறையாத குறைபாடுகள் சில குடும்பவழியில் வரும். வான் வில்லிபிராண்ட் நோய் அதில் ஒன்று. 'நம்ம வீட்டுப் பெண்களுக்கு இப்படித்தான்' என்று தலைமுறைகளாகக் கண்டுபிடிக்காமலே போய்விடும். பிள்ளைக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வருமா? பல் பிடுங்கியபோது நிற்க நேரமானதா? லேசாக இடித்தாலே கன்றிப்போகுமா?

'நிறையப் போகிறது' என்றால் எவ்வளவு என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். ஒரு அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்தார். தேதி போட்டு, பேடுக்கு ஒரு கோடு. முழுக்க நனைந்திருந்தால் கோட்டைச் சுற்றி வட்டம். மூன்றாம் நாளில் ஒன்பது கோடு, ஏழு வட்டம். அதற்குமேல் நான் என்ன கேட்க?

ஒன்றிரண்டு மணி நேரத்தில் பேட் நனைவது, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய இரத்தக்கட்டி, இரவில் எழுந்து மாற்றுவது, ஏழு நாளைத் தாண்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்பு), தட்டணு (பிளேட்லெட்), உறைதல் எல்லாம் இரத்தப் பரிசோதனைதான். ஸ்கேன் தேவைப்பட்டால் வயிற்றின் மேல் வைத்தே பார்ப்போம். உள்ளே பரிசோதிப்பார்களோ என்று பயந்தே பல தாய்மார் வருவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பொதுவாக அது தேவையில்லை. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலமோ, சில மாதம் ஹார்மோன் மாத்திரையோ தருவார்கள். அதனால் பின்னால் குழந்தை பிறக்காது என்பது வீண் பயம். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மணிக்கு ஒரு பேட் நனைந்துகொண்டே இருந்தாலோ மயங்கினாலோ, விடியட்டும் என்று இருக்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

குளச்சல், ஒரு தாய்: ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று மகள் நிறுத்திவிட்டாள். மீனும் முருங்கைக்கீரையும் போதாதா?

போதாது. சாளையும் கீரையும் தொடரட்டும், ஆனால் 8.6-ஐ மேலே ஏற்ற மாத்திரை வேண்டும். கறுப்பு இரும்பின் நிறம்தான். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா கூடாது (நம்மூரில் இதுதான் பெரிய கஷ்டம்). அளவு 12-ஐத் தொட்ட பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். பள்ளியில் வாரம் ஒன்று தரும் மாத்திரை சோகை வராமல் தடுக்க. வந்ததைத் தீர்க்க அது பற்றாது.

தக்கலை, ஒரு தந்தை: மனைவி குவைத்தில் நர்ஸ். மகள் அம்மாவிடம் போனில் சொல்கிறாள், என்னிடம் சொல்வதில்லை. எப்படிக் கேட்பது?

கேட்கவே வேண்டாம். அலமாரியில் பேட் தீரத் தீர வாங்கி வையுங்கள். பள்ளிப் பையில் மூன்று பேட், ஒரு உள்ளாடை வைத்த சின்னப் பை இருக்கட்டும். வகுப்பு டீச்சரிடம், பாதி வகுப்பில் பாத்ரூம் கேட்டால் விடச் சொல்லுங்கள். கோடு போடும் கணக்கை அவளே எழுதி அம்மாவுக்கு போட்டோ அனுப்பட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும், உள்ளே கூட யார் வரட்டும் என்று கேளுங்கள். "நீங்களே வாங்கப்பா" என்றாலும் என்பாள்.