அலைன்மெண்ட் அப்புறம், முதலில் படியெடுங்கள்

கேள்வி: மறைந்த என் அப்பா தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். அவருடைய பழைய ஐபிஎம் வகைக் கணினியில் 360 கிலோபைட் பிளாப்பி டிரைவ் இருக்கிறது. அதில் அவர் எழுதிய டிஸ்க்குகள் திறக்கின்றன. கடையில் வாங்கிய டாஸ் டிஸ்க் மட்டும் பிழை காட்டுகிறது. அலைன்மெண்ட் போய்விட்டது, 350 வெள்ளி ஆகும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். அப்படியிருந்தால் இன்னும் ஆபத்து.

இந்த டிஸ்க்கில் தகவல் வட்ட வட்டத் தடங்களாகப் பதியும். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. படித்து எழுதும் முனையான ஹெட் தடத்திலிருந்து சற்று விலகுவதைத்தான் அலைன்மெண்ட் போய்விட்டது என்கிறார்கள். அப்படி விலகிய டிரைவ், விலகிய இடத்திலேயே எழுதி அங்கேயே படிக்கும். தான் எழுதியது அதற்குத் தெரியும், தொழிற்சாலையில் எழுதியது பிடிபடாது. இன்று ஹெட்டை நேராக்கினால் டாஸ் டிஸ்க் திறக்கும். அப்பாவின் டிஸ்க்குகள் திறக்காமல் போய்விடும்.

ஒவ்வொரு டிஸ்க்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நீள்வட்டத் திறப்பில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் டிரைவுக்குள் போடவே கூடாது. நம் பினாங்கு ஈரத்தில் இது சகஜம். பூசணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் கீறிவிடும். 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஹெட்டை மெல்லத் துடையுங்கள். மேல் ஹெட்டை அதிகம் தூக்க வேண்டாம், அது மெல்லிய தகட்டில் நிற்கிறது. டிஸ்க்கின் ஓர வெட்டை ஒளி புகாத ஸ்டிக்கரால் மூடினால் தவறிக்கூட எதுவும் எழுதப்படாது. அப்புறம் ஹார்ட் டிஸ்க்குக்குப் படியெடுங்கள். கிரீஸ்வீசல் போர்டு கிடைத்தால் இதே டிரைவை இன்றைய கணினியில் யூஎஸ்பி வழியாக இணைக்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. ஹெட் விலகுவது ஒரே நாளில் நடப்பதல்ல. ஆரம்ப வருடங்களில் எழுதிய டிஸ்க்குகள் இப்போது திறக்காமல் போகலாம். அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டாமல் தனியே வையுங்கள், அலைன்மெண்டுக்குப் பின் படிக்கலாம். பல வருடம் சேர்த்துச் சேர்த்து எழுதிய டிஸ்க்கில் பழைய கோப்பு ஓரிடத்திலும் புதியது சற்று விலகியும் இருக்கும். அதை அலைன்மெண்டுக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை படிக்க வேண்டும்.

“இந்த டிரைவ் செத்துவிட்டது, வேறு தருகிறேன், பழையதை வைத்துவிட்டுப் போங்கள்” என்பவரிடம் மட்டும் சிக்காதீர்கள். அந்த டிஸ்க்குகளுக்கு உங்கள் டிரைவ்தான் சாவி. கணினி மாற்றும்போது டிரைவைக் குப்பையில் போட்டு, டிஸ்க்குகளை மட்டும் அலமாரியில் பூட்டிய அலுவலகங்கள் எத்தனை! யாருக்கும் அது தவறாகவே படவில்லை.

எல்லாம் படியெடுத்த பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள்: “எதை வைத்துச் சரிசெய்வீர்கள்?” அலைன்மெண்ட் டிஸ்க் (சரியான இடத்தில் தடம் பதித்த அளவு டிஸ்க்), ஆசிலோஸ்கோப் (சிக்னலைத் திரையில் காட்டும் கருவி) என்று சொன்னால் கொடுக்கலாம். “உங்கள் டிஸ்க்கையே போட்டு, திறக்கும் வரை ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரைத் திருப்புவேன்” என்றால் டிரைவை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அவர் உங்கள் டிரைவை அதே பழைய பிழைக்குத்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.