ஷெர்லி டெம்பிள் பொம்மைகள்: கேட்டதும் சொன்னதும்

பழைய பொம்மைகளைத் தேடி அலைகிறவள் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது ஷெர்லியைப் பற்றித்தான். வந்த கேள்விகளில் சில இங்கே.

யார் இந்த ஷெர்லி? பாட்டியைக் கேட்டால் "நம்ம பேபி சரோஜா மாதிரி" என்கிறார்.

பாட்டி அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார்! 1937-ல் 'பாலயோகினி' படம் வந்தபோது அதில் நடித்த குழந்தை பேபி சரோஜாவைத்தான் 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்றார்கள். ஷெர்லி ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரம்; 1928-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தவர். 1935-லிருந்து 1938 வரை நான்கு வருடமும் அமெரிக்க வசூல் நட்சத்திரங்களில் அவருக்குத்தான் முதலிடம். அந்தத் தலையில் 56 சுருள்கள். தினமும் ராத்திரி உட்கார்ந்து சுருட்டிவிட்டது அம்மா.

1934 பொம்மை என்று ஆன்லைனில் ஒன்று வந்திருக்கிறது. முகம் புதுசு போலப் பளபளக்கிறது. வாங்கலாமா?

அந்தப் பளபளப்புதான் எனக்கு இடிக்கிறது. நியூயார்க்கின் ஐடியல் கம்பெனி 1934-ல் கொண்டுவந்த முதல் பொம்மைகள் 'காம்போசிஷன்' என்ற கலவையால் ஆனவை. மரத்தூளையும் பசையையும் பிசைந்து அச்சில் அழுத்தி, மேலே பெயின்ட் பூசுவார்கள். நம் கொலுவின் காகிதக்கூழ் பொம்மைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் கலவை உப்பும், காய்ந்தால் சுருங்கும். பெயின்ட் அதோடு சேர்ந்து நீளாது. அதனால் கன்னத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்புகள் விழும். தொண்ணூறு வருடப் பொம்மையில் அது கொஞ்சமும் இல்லையென்றால் ஒன்று அபூர்வ அதிர்ஷ்டம், இல்லை யாரோ புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்தால் மதிப்பு இறங்கிவிடும்.

பின்தலை, முதுகு இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; ஷெர்லியின் பெயர் அச்சில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கன்னக்குழி, படுக்க வைத்தால் மூடும் பச்சை கலந்த பழுப்புக் கண், லேசாகத் திறந்த வாயில் குட்டிப் பற்கள், மொஹேர் (ஆட்டு ரோமம்) முடி இதெல்லாம் இருக்க வேண்டும். கவுனில் நெய்த லேபிள் இருந்தால் இன்னும் நல்லது. ஷெர்லி படம் போட்ட வட்ட பேட்ஜை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அதற்கு நகல்கள் ஏராளம். அந்தக் காலத்திலேயே மற்ற கம்பெனிகள் பெயரைப் போடாமல் அதே சுருள்முடியோடு பொம்மை விற்றன. அவையும் வயதில் பழசுதான், ஆனால் ஷெர்லி இல்லை.

அமெரிக்காவிலிருந்து அத்தை கொண்டுவந்த பொம்மையில் 'எஸ்டி-12' என்று இருக்கிறது. 1930-களுடையதா?

இல்லை. 'எஸ்டி' என்றால் ஷெர்லி டெம்பிள். அது 1957-ல் ஐடியல் திரும்பக் கொண்டுவந்த வினைல் பொம்மை, 12 அங்குலம். அப்போது ஷெர்லியின் பழைய படங்கள் டிவியில் ஓடிக்கொண்டிருந்தன. விலை குறைவுதான், ஆனால் பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

அழுக்கை ஈரத்துணியால் துடைக்கலாமா?

ஐயையோ, வேண்டாம்! காம்போசிஷனுக்குத் தண்ணீர் எமன். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். முடியைச் சீவாதீர்கள், சுருள் ஒரு தடவை கலைந்தால் திரும்ப வராது. பரண், ஜன்னல் ஓரம், காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் மூன்றும் ஆகாது.

நீலக் கண்ணாடிக் குவளையில் ஷெர்லி முகம் இருக்கிறது. அதுவும் ஒரிஜினலா?

குவளை, கிண்ணம், பால் ஜாடி மூன்றும் 1930-களில் கோதுமை உணவுப் பாக்கெட்டுகளுக்கு இலவசமாக வந்தவை. ஆனால் பின்னாளில் நகலும் நிறைய வந்தது. கையில் வாங்கிப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு விற்றதில் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

சுயசரிதையில் அவரே கணக்குச் சொல்கிறார்: குழந்தையாகச் சம்பாதித்தது 32 லட்சம் டாலர், பெரியவளாகிப் பார்த்தபோது மிச்சம் சுமார் 44,000. பணத்தைப் பார்த்துக்கொண்டது அப்பா. படிக்கும்போது எனக்கு வந்த கோபம் ஷெர்லிக்கு வந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போனார்.

உங்களிடம் எத்தனை இருக்கின்றன?

ஒன்றே ஒன்று. 18 அங்குலம், இடது கன்னம் முழுக்க வெடிப்பு. படுக்க வைத்தால் ஒரு கண்தான் மூடும்.