பிஎஸ்2-க்கு மோட் சிப் போடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, வீட்டில் பிஎஸ்2 ஸ்லிம் (சோனி பிளேஸ்டேஷன் 2 கேம் பெட்டியின் மெல்லிய மாடல்) இருக்கிறது, 77000 வரிசை, பெரியப்பா துபாயிலிருந்து வாங்கிவந்தது. டிஸ்க் எல்லாம் ஒரிஜினல், ஆனால் கீறல் விழுந்து பாதியில் நின்றுவிடுகிறது. மோட் சிப் போட்டால் காப்பி டிஸ்க் எழுதி ஆடலாம் என்று பர்மா பஜாரில் ஒருவர் சொன்னார். போடலாமா?"

வேண்டாம் தம்பி. பெட்டியைத் திறக்காமலே உங்கள் வேலை முடிந்துவிடும். அப்படியிருக்க, இத்தனை வருடம் ஒழுங்காக ஓடிய போர்டில் சால்டரிங் வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரிஜினல் டிஸ்கில் கேமோடு சேர்த்து ஓர் அடையாளத்தைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுகிறார்கள், வீட்டு டிவிடி ரைட்டரால் அதை எழுத முடியாது. டிஸ்க் உள்ளே போனதும் மெக்காகான் என்ற சிப் அந்த அடையாளத்தைத்தான் தேடும், கிடைக்கவில்லையென்றால் கேமைத் தொடாது. மோட் சிப் அந்தச் சோதனைக்கு நடுவில் புகுந்து "சரி" என்று சொல்லிவிடுகிறது, அதற்காகப் போர்டில் பல இடங்களில் மெல்லிய ஒயர்களை ஒட்ட வேண்டும், மாடலைப் பொறுத்து இருபதுக்கு மேலேயும் போகும். ஒட்டியவர், சால்டரிங்குக்குத் தடவும் ஃப்ளக்ஸ் பசையைச் சுத்தம் செய்யாமல் மூடிவிட்டால் நம் பக்கத்து உப்புக்காற்றில் அந்த இடமெல்லாம் பச்சை பூத்துவிடும். 70000 வரிசையில் சிப் போட்ட பிறகு லென்ஸை நகர்த்தும் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துபோவது பழைய, எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. உங்களுடையது வேறு வரிசைதான், இருந்தாலும் கடையில் இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, சிப் நன்றாகவே உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் காப்பி டிஸ்கைப் படிக்கப்போவது அதே பழைய லென்ஸ்தானே! தொழிற்சாலை டிஸ்கில் இருப்பது அச்சடித்த குழிகள், நாம் எழுதுவதில் இருப்பது வெறும் சாயம், அதிலும் மலிவான டிஸ்க் என்றால் லென்ஸ் திரும்பத் திரும்பத் தேடித் தடுமாறும். சென்னை வெயிலில் அந்தச் சாயமும் ரொம்ப நாள் தாங்காது.

முதலில் டிஸ்குகளைக் காப்பாற்றுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரண டிவிடி டிரைவே பிஎஸ்2 டிஸ்கைப் படிக்கும், பிஎஸ்2 கைவிட்டதைக்கூடப் பல நேரம் பொறுமையாக எடுத்துக்கொடுத்துவிடும். இம்க்பர்ன் மாதிரி இலவச மென்பொருளில் ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது டிஸ்கின் முழு நகலாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், பற்பசையெல்லாம் வேண்டாம். அடிப்பக்கம் நீலமாக இருப்பவை சிடி, அவற்றில் டேட்டா இருப்பது, படம் அச்சடித்த பக்கத்துக்கு ஒட்டினாற்போல, அந்தப் பக்கம் ஆழமாகக் கீறினால் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே நீல டிஸ்குகளை முதலில் எடுத்துவிடுங்கள். வெள்ளி நிறத்தில் இருப்பவை டிவிடி, அதில் டேட்டா இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

அப்புறம் ஃப்ரீ மெக்பூட் என்ற இலவச மென்பொருள். இதை ஏற்றிய மெமரி கார்டைச் செருகி ஆன் செய்தால், ஓப்பன் பிஎஸ்2 லோடர் என்ற மென்பொருளைத் திறக்கலாம், அது ஐஎஸ்ஓவிலிருந்தே கேமை ஓட்டும். லென்ஸுக்கு வேலையே இல்லை! கார்டை நீங்களே தயார் செய்ய 2020-இல் வந்த ஃப்ரீடிவிடிபூட் என்ற மென்பொருள் உதவும்: அதை ஒரே ஒரு டிவிடி-ஆர் டிஸ்கில் எழுதி, பிஎஸ்2 மொழியை ஆங்கிலத்தில் வைத்துவிட்டுப் போட்டால், சிப் இல்லாமலே திறந்துகொள்ளும். உங்கள் 77000-க்கு இது சரியாக வரும். 90000 வரிசையில் 2008 கடைசி வாக்கிலிருந்து வந்த பெட்டிகள் ஃப்ரீ மெக்பூட்டை ஏற்காது, அவற்றுக்கு ஓப்பன்டூனா என்ற வேறொரு மென்பொருளைக் கார்டில் ஏற்ற வேண்டும்.

கேம் ஃபைலை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பென்டிரைவ் சுலபம், ஆனால் பிஎஸ்2-இல் இருப்பது பழைய யுஎஸ்பி 1.1, நொடிக்கு 12 மெகாபிட்தான், அதனால் நடுவில் வரும் வீடியோக் காட்சிகள் திக்கித் திக்கி ஓடும், பென்டிரைவ் மாற்றினாலும் அதே கதைதான். பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள், பெரிய கேமைத் துண்டு போட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் லேன் கேபிள்தான். ஸ்லிம்மில் 100 மெகாபிட் லேன் கூடவே வருகிறது, சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் ஃபோல்டரை ஷேர் செய்து நேராக இணைத்துவிடலாம். விண்டோஸ் 10, 11 என்றால் எஸ்எம்பி1 என்ற, ஃபைல் ஷேர் செய்யும் பழைய வசதியை ஆன் செய்ய வேண்டும். அது பாதுகாப்பில்லாதது, பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வைத்திருக்கும் மென்பொருளுக்கு இழப்பு, சேதத்துக்கு எதிராக பேக்கப் எடுக்க இடம் தருகிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பது, 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. உங்கள் டிஸ்க், உங்கள் காப்பி, உங்கள் வீடு என்றே இருக்கட்டும். நண்பனுக்குப் பத்து காப்பி என்று போனால் அது வேறு விஷயம்.

கார்டைத் தயாராகவே வாங்குவதென்றால் பிஎஸ்2-வையும் கையோடு கொண்டுபோய், உங்கள் பெட்டியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள். பழைய சேவ்கள் இருக்கும் கார்டை இதற்கு எடுக்க வேண்டாம்.